காவிரிப் படுகையிலிருந்து எஃப்டி8: கால்சைன் வந்த பிறகு என்ன செய்வது

அமெச்சூர் ரேடியோ (ஹாம்) உரிமத்தோடு கால்சைன் என்ற அழைப்புக் குறி வந்தாயிற்று, ரிக் (ரேடியோ கருவி) மேசை மேல் உட்கார்ந்திருக்கிறது, மடிக்கணினியில் மென்பொருளும் ஏற்றியாயிற்று. ஆனால் திரையில் ஒரு வரிகூட வரவில்லை. அல்லது எல்லாரையும் கேட்க முடிகிறது, நம்மை ஒருவருக்கும் கேட்கவில்லை. டிஜிட்டல் முறைக்கு வருகிற புதியவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டு இடங்களில்தான் நின்றுபோகிறார்கள். குற்றம் ரிக்கில் இருப்பது அபூர்வம். கடிகாரம், ஒலி அளவு, வீட்டுக்குள் இருக்கும் இரைச்சல், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இங்கே, கணினி வழியாகக் குறுஞ்செய்திகளை ஒலியாக்கி அனுப்பும் எஃப்டி8 முறையையே எடுத்துக்கொள்கிறோம். இன்று அதிர்வெண் பட்டைகளில் அதிகம் கேட்பது அதுதான். அதற்காகப் போடும் கேபிளும் அமைப்பும் பிஎஸ்கே31, ஆர்டிடிஒய், ஜேஎஸ்8 போன்ற மற்ற டிஜிட்டல் முறைகளுக்கும் அப்படியே உதவும்.

1. முதலில் உரிமத்தை எடுத்துப் படியுங்கள்

உரிமம் இன்னும் வாங்காதவர்களுக்குச் சுருக்கமாக: 12 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில். ரெஸ்ட்ரிக்டட் தரத்துக்கு மோர்ஸ் வேண்டாம். ஜெனரல் தரத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தேவை. உரிமக் கட்டணம் 20 ஆண்டுக்கு 1,000 ரூபாய், ஆயுளுக்கு 2,000 ரூபாய். தேர்வு, சான்றிதழ், உரிமம் எல்லாம் வாரக்கணக்கில் முடிகிற வேலை அல்ல. மாதங்கள் என்று மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்குள் கீழே உள்ள 2, 4, 8 ஆகிய வேலைகளைச் செய்யத் தொடங்கலாம்.

உரிமம் கையில் இருப்பவர்கள் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

உங்கள் தரத்துக்கு அனுமதித்திருக்கும் உமிழ்வு வகைகள். பேச்சுக்கான ஜே3இ மட்டும் போதாது. தரவுக்கான வகைகள் இருக்க வேண்டும். அதன் பக்கத்திலேயே உங்கள் தரத்துக்கான அதிர்வெண் பட்டைகளும் வாட் அளவும் இருக்கும்.

நிலைய முகவரி. இந்த வட்டாரத்தில் பலர் மாட்டுவது இதில்தான். சென்னையில் வேலை பார்த்தபோது சென்னை முகவரியில் உரிமம் வாங்கியிருப்பார்கள். ஆன்டெனாவை மட்டும் திருவையாற்றிலோ மன்னார்குடியிலோ உள்ள சொந்த வீட்டில் கட்டுவார்கள். முகவரி மாற்றத்தை முறையாகப் பதிவு செய்துவிட்டு அனுப்புங்கள்.

பெயர் எழுத்துக்கூட்டல். உரிமத்திலும் ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? இன்ஷியல் முன்னா பின்னா என்ற சின்ன வித்தியாசம் 12ஆவது படியில் உங்களைத் தேடிக்கொண்டு வரும்.

2. ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் ஒரு வாரம் கேளுங்கள்

இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கும் கிவி எஸ்டிஆர் ரிசீவர்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஒன்றைத் திறந்து 14.074 மெகாஹெர்ட்ஸில், ‘அப்பர் சைடுபேண்ட்’ என்ற முறையில் வையுங்கள். நாதஸ்வரத்துக்குச் சுருதி பார்ப்பதுபோல ஒன்றன் மேல் ஒன்றாக ஊளையிடும் ஒலி கேட்கும். 12.64 விநாடி ஒலித்து, இரண்டு விநாடிக்கு மேல் ஓய்ந்து, மறுபடி தொடங்கும். அதுதான் எஃப்டி8. ஒரு சுற்று 15 விநாடி. ஒரு நிமிடத்தில் நான்கு சுற்று.

அந்த ஒலியை உங்கள் கணினியிலேயே, எஃப்டி8ஐ எழுத்தாக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளுக்குள் திருப்பிவிடலாம் (விண்டோஸில் மெய்நிகர் ஒலிக் கேபிள் மென்பொருள் ஒன்று வேண்டும்). இணையம் வழியாக வரும் ஒலி ஓரிரு விநாடி தாமதமாக வருவதால் சில நேரம் வரிகள் வராது. பழகிக்கொள்ள இது போதும்.

3. என்னென்ன வாங்க வேண்டும்

புதிய 100 வாட் ரிக் என்றால் லட்சத்தைத் தாண்டும். எஃப்டி8க்கு அவ்வளவு வாட் வேண்டியதே இல்லை. 5 வாட் முதல் 20 வாட் வரை தரும் சிறிய ரிக் போதும். ஹைதராபாத்தில் உருவான யூபிட்எக்ஸ் வகையும் இதற்குள் வரும். ஐகாம் 7300 போன்ற ரிக்குகளில் ஒலி அட்டை உள்ளேயே இருக்கிறது. ஒரே ஒரு யூஎஸ்பி கேபிள் போதும். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்க நினைத்தால் இறக்குமதி அனுமதியை முன்பே வாங்குங்கள். இல்லாவிட்டால் பெட்டி சுங்கத்தில் நிற்கும். நீங்களும் கூடவே நிற்க வேண்டியதுதான்.

பவர் சப்ளை 13.8 வோல்ட். 100 வாட் ரிக்குக்கு 20 ஆம்பியருக்கு மேல். மின்வெட்டுக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி. இரைச்சலைக் கண்டுபிடிக்கவும் அதுவே உதவும். மடிக்கணினி பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. ராஸ்பெர்ரி பை 4ம் போதும்.

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால்: ரிக்கில் குறைத்து ஆன்டெனாவில் போடுங்கள்.

4. ஆன்டெனா

40 மீட்டர் பட்டைக்கு அரை அலை நீளம் என்பது 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வருவது. 143 ÷ 7.074 = 20.2 மீட்டர். டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இருபக்கக் கம்பி) என்றால் பக்கத்துக்கு 10.1 மீட்டர். 20 மீட்டர் பட்டைக்கு (14.074) மொத்தம் 10.2, பக்கத்துக்கு 5.1. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் பல இழைக் கம்பி நன்றாக உழைக்கும். அதன் பிளாஸ்டிக் உறையால் அலை கொஞ்சம் மெதுவாகப் போகும். கணக்கைவிடச் சில சதவீதம் குட்டையாகவே கடைசியில் ஒத்திசையும். ஆனாலும் முதலில் பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் நீளமாக விட்டு, மேலே ஏற்றி அளந்து, பிறகு வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. நீளமாக இருந்தால் மடித்துக் கட்டலாம்.

கொல்லையில் இரண்டு தென்னை இருந்தால் கம்பத்துக்குச் செலவே இல்லை. மரமேறுபவரிடம் கயிறும் சிறிய கப்பியும் கொடுத்து, குருத்துக்கு ஒரு மீட்டராவது கீழே கட்டச் சொல்லுங்கள். கம்பியை மரத்தோடு இறுக்கிக் கட்டிவிட்டால் ஆடிக்காற்றில் முதல் வாரமே அறுந்துவிடும்; இரண்டு மரமும் ஒரே தாளத்தில் ஆடாது. ஒரு முனையில் கயிறு கப்பி வழியாகக் கீழே இறங்கி, மணல் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலில் முடியட்டும். மரம் ஆடும்போது பாட்டில் ஏறி இறங்கும், கம்பி பிழைக்கும். மட்டை விழும் பக்கத்தைப் பார்த்து வைக்க மறக்காதீர்கள். கம்பி முனையில் அனுப்பும்போது மின்னழுத்தம் மிக அதிகம். பச்சை மட்டையில் உரசினால் ஒத்திசைவு மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி அலையும். முனைக்கும் மட்டைக்கும் நடுவே ஒரு மீட்டர் கயிறு விடுங்கள்.

மின்கம்பி தெருப் பக்கம் போகிறதென்றால், உங்கள் கம்பி அறுந்து விழுந்தாலும் அதன் மேல் படாத தூரத்தில் கட்டுங்கள். இதில் சமாதானம் பேச இடமில்லை.

ஒரே மரம்தான் இருக்கிறது, அல்லது தெருவீடு, மாடி மட்டும்தான் என்றால் முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பி. 20.2 மீட்டர் கம்பி, ஒரு முனையில் 49:1 மின்மாற்றி. எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் முதன்மைச் சுற்று 2, மொத்தச் சுற்று 14. முதன்மைக்குக் குறுக்கே 100 பிகோஃபாரட், 1 கிலோவோல்ட்டுக்கு மேல் தாங்கும் கெப்பாசிட்டர். இதே கம்பி 40, 20, 15, 10 மீட்டர் பட்டைகளில் வேலை செய்யும்.

கோஆக்ஸ் (ஆன்டெனாவிலிருந்து ரிக்குக்கு வரும் கேபிள்) 30 மீட்டருக்குள் என்றால் ஆர்ஜி-58 போதும். 14 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 2 டெசிபலுக்குள். கேபிள் டிவிக்காரர் விட்டுப்போன ஆர்ஜி-6 கூட டைபோலுக்கு ஆகும். 75 ஓம் என்பதால் ஒன்றும் குடிமுழுகாது. அதன் வெளிப்பின்னல் அலுமினியமாக இருந்தால் ஈயம் பிடிக்காது என்பதுதான் தொல்லை. திருகும் வகை இணைப்பி வாங்குங்கள். நாகை, வேதாரண்யம், தரங்கம்பாடிப் பக்கம் உப்புக்காற்று ஒரே பருவத்தில் இணைப்பிகளைப் பச்சையாக்கிவிடும். தானே ஒட்டும் ரப்பர் டேப்பை முதலிலும் அதன் மேல் பிவிசி டேப்பையும் சுற்றுங்கள்.

கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எஃப்டி240-31 அல்லது 43 வளையத்தில் 10, 12 சுற்று சுற்றி ஒரு சோக் (கேபிளின் வெளிப்புறம் வழியாக ரேடியோ மின்னோட்டம் வராமல் தடுக்கும் சுருள்) போடுங்கள். இது இல்லாததால் வரும் நோய்க்கு அறிகுறி: அனுப்பும் பொத்தான் அழுத்தியதும் யூஎஸ்பி துண்டிக்கப்படும், மவுஸ் உறையும், ரிக் அனுப்பிக்கொண்டே நிற்கும். பலர் கணினியை மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது கணினி அல்ல.

5. ரிக்குக்கும் கணினிக்கும் நடுவே

உள்ளே ஒலி அட்டை உள்ள ரிக் என்றால் உற்பத்தியாளர் தரும் டிரைவரை முதலில் ஏற்றி, அப்புறம்தான் கேபிளைச் செருக வேண்டும். இந்த வரிசை மாறினால் விண்டோஸ் தானாக வேறொன்றை ஏற்றிக்கொண்டு முரண்டு பிடிக்கும்.

பழைய ரிக் என்றால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்று, 600:600 ஓம் தனிமைப்படுத்தும் மின்மாற்றி இரண்டு (அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று). மின்மாற்றி இல்லாமல் நேராகச் செருகினால் கணினி எர்த்தும் ரிக் எர்த்தும் சுற்றிக்கொண்டு 50 ஹெர்ட்ஸ் உறுமல் வரும். கணினியிலிருந்து வரும் ஒலி மைக் முனைக்கு மிக அதிகம். 10 கிலோஓம், 100 ஓம் இரண்டையும் வைத்து நூறில் ஒரு பங்காகக் குறையுங்கள். அனுப்பு விசைக்கு யூஎஸ்பி-சீரியல் மாற்றியின் ஆர்டிஎஸ் முனை, அதோடு ஒரு பிசி817 ஆப்டோகப்ளர். கணினி தொடங்கும்போது இந்த முனை தானாக உயர்ந்து ரிக்கை அனுப்ப வைத்துவிடும். ஆகவே கணினியை முதலில் போடுங்கள், ரிக்கைப் பிறகு.

6. கடிகாரம்

கணினிக் கடிகாரம் உண்மை நேரத்திலிருந்து ஒரு விநாடிக்குள் இருக்க வேண்டும். விண்டோஸ் தானே சரிசெய்துகொள்ளும் என்று நம்பாதீர்கள். அது எப்போதோ ஒருமுறை பார்க்கும். மைன்பெர்க் என்டிபி போன்ற இலவச மென்பொருளை ஏற்றுங்கள். லினக்ஸ் என்றால் குரோனி.

திரையில் டிடி (நேர வித்தியாசம், விநாடியில்) என்றொரு பத்தி இருக்கும். எல்லா நிலையங்களுக்கும் அது சுமார் 0.1, 0.2 என்று இருந்தால் நலம். எல்லாருக்கும் 1.2 என்று வந்தால், உலகமே தாமதமாக வரவில்லை. உங்கள் கடிகாரம் 1.2 விநாடி முந்தி ஓடுகிறது. ஒருவருக்கு மட்டும் 1.2 என்றால் பிழை அவருடையது.

புயல் நாளில் இணையமும் கோபுரமும் போய்விட்டால் இந்த டிடி பத்தியைப் பார்த்தே கடிகாரத்தைக் கையால் திருத்தலாம். இல்லாவிட்டால் யூஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. மென்பொருள் அமைப்பு

டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் இலவசம். இதை எழுதிய குழுவின் ஜோ டெய்லர் இயற்பியலுக்காக 1993ல் நோபல் பெற்றவர். எஃப்டி8ல் இருக்கும் ‘டி’ அவர்தான்.

முதலில் கால்சைன், அடுத்து கட்டம் (உலக வரைபடத்தில் உங்கள் இருப்பிடத்தைக் காட்டும் குறியீடு). தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி எல்லாம் எம்கே90. மயிலாடுதுறை, சீர்காழி, பூம்புகார், சிதம்பரம் எம்கே91. நடுவே 11 பாகை அட்சக்கோடு கும்பகோணத்துக்குச் சற்று வடக்கே ஓடுகிறது. ஆடுதுறை, திருப்பனந்தாள் பக்கம் இருப்பவர்கள் ஊர்ப்பெயரை வைத்து ஊகிக்காமல் கைபேசியில் அட்சரேகையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ரிக் பெயர், போர்ட், பாட் வேகம் மூன்றும் ரிக்கில் உள்ளபடியே இருக்க வேண்டும். சில ரிக்குகள் இரண்டு போர்ட் காட்டும். ஒன்றில் வராவிட்டால் அடுத்தது. ‘ஸ்பிலிட்’ என்ற இடத்தில் ‘ஃபேக் இட்’ வையுங்கள்.

ஒலிப் பகுதியில் உள்ளே, வெளியே இரண்டுக்கும் ரிக்கின் ஒலி அட்டை. விண்டோஸின் பொதுவான ஒலி மட்டும் கணினி ஸ்பீக்கருக்கே போகட்டும். இதை விட்டுவிட்டால் கைபேசி வந்த மணியோசை உலகம் முழுக்க ஒலிபரப்பாகும். 48,000 ஹெர்ட்ஸ், ஒலி மேம்பாடுகள் எல்லாம் அணைப்பு.

ரிக்கில்: எந்தப் பட்டையானாலும் அப்பர் சைடுபேண்ட். 40 மீட்டரில் பேச்சுக்கு லோயர் என்று பழகிய கை தானாக அங்கே போகும். போனால் ஒரு வரியும் வராது. இரைச்சல் நீக்கி, பேச்சு அமுக்கி எல்லாவற்றையும் அணையுங்கள். வடிகட்டி 3 கிலோஹெர்ட்ஸ்.

நிலையங்கள் இல்லாத வெறும் இரைச்சலில் இடது ஓரப் பச்சைப் பட்டை 30 டெசிபல் சுமாரில் நிற்கட்டும். சிவப்புக்குப் போனால் விண்டோஸ் ஒலி அளவைக் குறையுங்கள்.

8. வீட்டு இரைச்சலைத் தேடுங்கள்

எஃப்டி8 இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே புதைந்திருப்பதைக்கூடப் பிடிக்கும். அதனால் இரைச்சல் இருந்தால் என்ன என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் வீட்டு இரைச்சல் 15 டெசிபல் ஏறினால் அந்தப் பதினைந்தும் அப்படியே நஷ்டம்.

ரிக்கைப் பேட்டரியில் ஓட்டுங்கள், மடிக்கணினியையும் சார்ஜரிலிருந்து கழற்றுங்கள். பிறகு வீட்டு மெயினை அணையுங்கள். ரிக்கின் எஸ் மீட்டர் (சிக்னல் அளவைக் காட்டுவது) சரிந்தால் திருடன் உள்ளே இருக்கிறான். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். மலிவு எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், இணைய ரவுட்டர் அடாப்டர், மாடியில் சோலார் இருந்தால் அதன் சார்ஜ் கன்ட்ரோலர். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தனியாக அணைக்காமல் சோதனை செய்து ஏமாறுபவர்கள் நிறைய.

மீட்டர் இறங்காவிட்டால் வெளியே பாருங்கள். வயல்வெளிக்கு நடுவே வீடு என்றால் மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் மட்டும் இரைச்சல் ஏறுகிறதா என்று ஒரு வாரம் நேரம் குறித்து வையுங்கள். ஏறினால் பக்கத்துப் பம்புசெட் ஸ்டார்ட்டரில் தேய்ந்த கான்டாக்ட் இருக்கலாம். மோட்டாருக்கும் அது கேடு. சொன்னால் உரிமையாளரே மாற்றிவிடுவார். வெயில் நாளில் சடசடத்து, மழை பெய்ததும் நின்றுபோகும் இரைச்சல் மின்கம்பத்தில் தளர்ந்த இணைப்பிலிருந்து வருவது. சிறிய ஏஎம் ரேடியோவை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து, எந்தக் கம்பத்தின் கீழ் அதிகம் என்று பார்த்து, கம்ப எண்ணோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ‘ரேடியோ கேட்கவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘கம்பத்தில் தீப்பொறி இரைச்சல்’ என்று எழுதினால் ஆள் வருவார்.

9. அனுப்பும்போது

ரிக்கின் பவரை 25 வாட்டில் வையுங்கள். உரிம வரம்பு அதைவிடக் குறைவு என்றால் அதுவே. ‘டியூன்’ அழுத்தி, மென்பொருளின் ‘பவர்’ ஸ்லைடரை அடியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். வாட் ஏறுவது நிற்கும் இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் கீழே இறக்கி விடுங்கள். ஏஎல்சி முள் (ஒலி மிஞ்சும்போது ரிக் அதைக் குறைப்பதைக் காட்டுவது) அசையக்கூடாது, அல்லது அசைந்தும் அசையாமல் இருக்க வேண்டும். ஏஎல்சியை முட்டித் தள்ளினால் ஒரே நிலையம் மூன்று இடத்தில் தெரியும். உங்கள் வாட் வீணாவதோடு மற்றவர் இடமும் கெடும்.

எஃப்டி8ல் பாதி நேரம் முழு பவரில் அனுப்புகிறீர்கள். பேச்சைப்போல ஏறி இறங்குவதில்லை. சித்திரை வெயிலில் மூடிய அறையில் 100 வாட்டில் அரைமணி நேரம் ஓட்டினால் ரிக்கின் இறுதி டிரான்சிஸ்டர்கள்தான் விலை கொடுக்கும்.

மார்கழி விடியலில் அனுப்புபவர்களுக்கு: பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் உங்கள் குரல் போல எதுவும் வராது. ஆனால் 15 விநாடிக்கொரு ‘டக்’ வரலாம். வந்தால் வாட்டைக் குறைத்து, ஒலிபெருக்கிக் கம்பியில் ஃபெரைட் வளையம் போட்டுக் கொடுத்து, ஊரோடு ஒத்துப்போங்கள்.

10. முதல் தொடர்பு

‘சிக்யூ’ (யார் வேண்டுமானாலும் பதில் தரலாம் என்ற பொது அழைப்பு) கூப்பிடும் வரியை இருமுறை சொடுக்கினால் மீதியை மென்பொருளே அனுப்பும்: உங்கள் கட்டம், அவர் தரும் டெசிபல் அறிக்கை, உங்கள் அறிக்கை, ஆர்ஆர்73 (கிடைத்தது, வாழ்த்துகள்), 73 (வாழ்த்துகள்). ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ‘ஹோல்ட் டிஎக்ஸ் ஃப்ரீக்’ பெட்டியைக் குறியிட்டு, சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் நீர்வீழ்ச்சித் திரையில் ஆளில்லாத இடத்தை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். கூப்பிட்டவர் தலையிலேயே உட்கார்ந்து எல்லாரும் அனுப்பினால் அவருக்கு ஒருவரும் கேட்காது.

பதில் வராவிட்டால் வாட்டைக் கூட்டாதீர்கள். பிஎஸ்கே ரிப்போர்ட்டர் தளத்தில் உங்கள் கால்சைனைப் போடுங்கள். உங்களை யார் எத்தனை டெசிபலில் கேட்டார்கள் என்று சில நிமிடத்தில் வரும். ஒருவருமே கேட்கவில்லை என்றால் கடிகாரம், சைடுபேண்ட், ஆன்டெனா என்ற வரிசையில் பாருங்கள்.

ஆளில்லாமல் ஓடவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அனுப்பும் நிலையத்துக்குப் பொறுப்பு உங்கள் கால்சைன்.

புயல் நேரத்தில் உதவலாம் என்று எஃப்டி8 கற்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்: இதில் சொந்தமாக எழுத 13 எழுத்துத்தான் இடம். ‘அரிசி வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் எழுதலாம், எங்கே, யாருக்கு என்று சேர்க்க இடம் இருக்காது. அந்த வேலைக்கு ஜேஎஸ்8கால், அல்லது எஃப்எல்டிஜி மென்பொருளில் பிஎஸ்கே31. அதே கேபிள்தான், கஜா போல இன்னொன்று வருவதற்கு முன் பழகிவையுங்கள்.

11. எந்த நேரத்தில் எந்தப் பட்டை

பகலில் 7.074ல் பெரும்பாலும் தென்னிந்தியாதான். பொழுது சாய்ந்த பின் அதே பட்டை தூரத்துக்குத் திறக்கும், விடியும் வரை. 14.074ல் மாலை முதல் முன்னிரவு வரை ஐரோப்பா. பகலில் 21.074, 28.074 இரண்டையும் எட்டிப் பாருங்கள்.

நமக்கென்று ஒரு விசித்திரம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடி வழியே போகிறது. அதனால் சூரியன் மறைந்த பின் சில மணி நேரம், முக்கியமாக மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், வளிமண்டல மேலடுக்கு அயனிகள் கலங்கிவிடும். நீர்வீழ்ச்சித் திரையில் கோடுகள் பளிச்சென்று, ஆனால் ஈரத்தில் மை ஊறியதுபோல அகலமாகத் தெரியும், ஒன்றும் எழுத்தாகாது. எஃப்டி8 ஒலிகளுக்கு நடுவே இடைவெளி 6.25 ஹெர்ட்ஸ்தான், கலக்கம் அதை அழித்துவிடுகிறது. அமைப்பை நோண்டாமல் சில மணி நேரம் கழித்து வாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் கோஆக்ஸைக் கழற்றி, முனையை வீட்டுக்கு வெளியே போடுங்கள். யூஎஸ்பி கேபிளையும் கழற்றுங்கள்.

12. பதிவேடும் உறுதிச் சான்றும்

பதிவேட்டில் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்). நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி பின்னால். அங்கே தேதி மாறுவது நமக்குக் காலை 5.30க்கு. கையால் எழுதுபவர்கள் விடியற்காலைத் தொடர்புகளைத் தப்பான தேதியில் போடுவது இதனால்தான். மென்பொருள் தானாக எழுதும் அடிஃப் கோப்பை வாரம் ஒருமுறை வேறிடத்தில் நகலெடுங்கள்.

உறுதிச் சான்றுக்கு (தொடர்பு நடந்ததை இரு பக்கமும் உறுதிசெய்வது) அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் நடத்தும் ‘லாக்புக் ஆஃப் த வேர்ல்ட்’ இலவசம். டிக்யூஎஸ்எல் மென்பொருளில் விண்ணப்பித்து, உரிமத்தின் நகலும் அரசு அடையாள ஆவணம் ஒன்றின் நகலும் அனுப்ப வேண்டும். 1ஆவது படியில் சொன்ன இன்ஷியல் விவகாரம் இங்கேதான் கிளம்பும். கால்சைன் தொடக்க நாளாக உரிமத்தில் உள்ள தேதியைப் போடுங்கள். பிந்திய தேதி போட்டால் அதற்கு முந்தைய தொடர்புகளை ஏற்ற முடியாது. பதில் வர நாட்கள் ஆகலாம். எந்தக் கணினியில் விண்ணப்பித்தீர்களோ அதே கணினியில்தான் வரும் சான்றிதழ் திறக்கும். நடுவில் விண்டோஸை அழித்து ஏற்றிவிடாதீர்கள். சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான். திறந்ததும் பி12 கோப்பாக ஒரு பென்டிரைவில் சேமித்து, அதன் கடவுச்சொல்லை உரிமத்தின் நகலோடு சேர்த்து வையுங்கள்.